நாற்பத்தேழாம் டோக்கன்

இதை எழுதுகிறவன் கிறிஸ்டி என்ற பெண்ணை முதலில் பார்த்தது தென்காசியில், மைதீன் கேமரா மஹாலில். அவள் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் திருநெல்வேலியில் எழுதுகிறவனுக்குப் பட்டமளிப்பு விழா. அவன் குடும்பத்தில் கல்லூரிக்குள் போய்ப் பட்டத்தோடு வெளியே வந்த முதல் ஆள் அவன்தான். ஆகையால் கறுப்பு அங்கி மாட்டிய படம் ஒன்று இல்லாமல் ஊருக்குள் வரவேண்டாம் என்று ஆலங்குளம் பக்கத்தில் இருக்கும் வீட்டிலிருந்து உத்தரவு. கேமராவைச் சிநேகிதனிடம் இரவல் வாங்கியாயிற்று. மெமரி கார்டுதான் இல்லை.

கடை குளுகுளுவென்று இருந்தது. கண்ணாடி, விளக்கு, ஏசி எல்லாம் உண்டு. கவுண்டரில் ரவி என்கிற முப்பது வயதுக்காரர் செல்போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க" என்றார் செல்போனிடம்.

கடையில் அந்தப் பெண்ணைத் தவிர வேறு ஆளில்லை. இருந்தாலும் படித்தவன் அல்லவா, விதிப்படி டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பத்து நிமிடம் போயிற்று.

"தம்பிக்கு என்ன வேணும்?" என்றாள் பக்கத்து நாற்காலிப் பெண்.

"மெமரி கார்டுக்கா."

அவள் எழுந்தாள். கவுண்டருக்கு உள்ளே போனாள். மூன்றாவது இழுப்பறையைத் திறந்து ஒரு கார்டை எடுத்தாள். உறையில் இருந்த விலையைப் படித்துச் சொன்னாள். "காச அந்தக் கால்குலேட்டருக்கு அடியில வச்சிருங்க. அவன் நிமிந்தா எடுத்துக்கிடுவான்."

"நீங்க இங்கதான் வேலை பாக்கியளாக்கா?"

"வேலை பாக்கல தம்பி. என் கேமரா இந்தக் கடை வசம் இருக்கு. அதுக்காவ நானும் இங்கன இருக்கேன். இன்னைக்குப் பத்தொம்பதாவது நாளு."

ரவி அப்போதும் நிமிரவில்லை.

அங்கி போட்ட படம் நன்றாக வந்தது. நன்றி சொல்லலாம் என்று பிறகொரு நாள் அவன் மேலகரத்தில் அவள் வீட்டைத் தேடிப் போனான். கறுப்புக் காபியும் முறுக்கும் வைத்து, அந்தப் பத்தொன்பது நாளுக்கு முன்னும் பின்னும் நடந்ததை அவள் சொன்னாள். சொல்லும்போது தானே நான்கு இடத்தில் சிரித்தாள்.

கிறிஸ்டி பிறந்தது ஆலங்குளம் பக்கம். அப்பா ஏசுவடியான் லோடு ஆட்டோ ஓட்டினார். அம்மா பீடி சுற்றினாள். கிறிஸ்டியும் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றியவள்தான். அதனால்தான் விரல் இவ்வளவு துல்லியம் என்று அவளே சொல்லிக்கொள்வாள். பிறகு தென்காசியில் ஆறு மாதம் ஆல்பம் டிசைன் படித்தாள். குற்றாலம் சாலையில் பாண்டித்துரை என்பவரின் ஸ்டுடியோவில், மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் அருவியைக் கொண்டுவந்து ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஒருநாள் ஒரு முஸ்லிம் கல்யாணம். ஆண்கள் பக்கம் எடுத்து முடித்த பாண்டித்துரை, பெண்கள் மண்டப வாசலில் வந்து நின்றார். அதற்கு மேல் ஆண்பிள்ளை போகக்கூடாது. அதுவரை பெண்கள் பக்கம் யாராவது ஒரு மதினி செல்போனில் எடுத்தால் உண்டு. அதில் பாதி படத்தில் அந்த மதினியின் விரல்தான் இருக்கும். அன்றைக்குப் பெண்ணின் தாயார், எங்களுக்கும் நல்ல படம் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். பாண்டித்துரை திரும்பிப் பார்த்தார். பின்னால் லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு கிறிஸ்டி.

"ஏட்டி, நீ போ உள்ள. இந்தப் பட்டன அமுக்கு. மத்தத அது பாத்துக்கிடும்."

அறுநூறு முறை அமுக்கினாள். நூறு படத்தில் சீலிங் ஃபேன் மட்டும் தெரிந்தது. மீதிப் படங்களை பாண்டித்துரை இரண்டாம் தடவையும் ஓட்டிப் பார்த்தார். அவர் எடுத்த பெண்கள் எல்லாரும் ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல நிற்பார்கள். இதில் ஒருத்தி வாய்விட்டுச் சிரிக்கிறாள், ஒருத்தி கொழுந்தியாளின் நெற்றிச்சுட்டியை இழுக்கிறாள், இரண்டு பெரிய மனுஷிகள் கல்யாணப் பெண்ணை விட்டுவிட்டு அவளுடைய செருப்பைப் பற்றி விவாதம் செய்கிறார்கள்.

அதற்குப் பிறகு கிறிஸ்டிக்குத் தனியாகவே அழைப்பு வர ஆரம்பித்தது. அவள் தொழிலுக்கு போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. எடுத்த படத்தை எங்கும் போட்டுக் காட்டவும் முடியாது. கல்யாணம் முடிந்த கையோடு கார்டைக் கழற்றிப் பெண்ணின் தாயார் கையில் கொடுத்துவிட வேண்டும். பிரதி வைத்துக்கொள்ளக் கூடாது. அவளுடைய நம்பர் அடுப்பங்கரையிலிருந்து அடுப்பங்கரைக்குப் போயிற்று. தென்காசியில் பாதி வீட்டுப் போன்களில் அவள் பெயர் 'கிறிஸ்டி பொம்பளப் போட்டோ'.

கணவன் ஜெனோ பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். கல்யாண நாட்களில் அவளை பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆண்கள் பந்தியில் உட்கார்ந்துவிடுவான். ஜில்லாவில் எந்த மண்டபத்துப் பிரியாணி நல்லது என்று கேட்டால் அவன் வரிசையாகச் சொல்லுவான். கேமராவைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது.

இனி மைதீன் அண்ணாச்சி. பன்னிரண்டு வருஷம் ஷார்ஜாவில் ஒரு கேமரா கடையில் நின்றுவிட்டு வந்து, தென்காசியில் சொந்தமாகக் கடை போட்டவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்டி முதல் கேமரா வாங்கப் போனபோது அது பத்துக்குப் பத்து கடை. ஃபேன் சுற்றினால் பில் புத்தகம் பறக்கும்.

"யாருக்கும்மா கேமரா?" என்றார்.

"எனக்குத்தான் அண்ணாச்சி."

வேறு கேள்வி கேட்கவில்லை. மூன்று கேமராக்களை எடுத்து ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். அவள் ஆசைப்பட்டது பெரியது. அவர் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "ஒங்க கை சின்னது. கல்யாணத்துல ஆறு மணி நேரம் நிக்கணும்லா. இதத் தூக்கிட்டு நின்னா மூணாம் மணி நேரம் பொண்ணு கோணலா தெரியுவா." விலை குறைந்ததையே கொடுத்தார். டீ வந்தது. இரண்டு மணி நேரம் அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் சாரல் தொடங்குவதற்கு முன்னால் அவரே கடை நம்பரிலிருந்து போன் பண்ணுவார்: "கேமராவக் கொண்டாங்கம்மா, தொடச்சுத் தாரேன். ஈரக்காத்து அடிச்சா லென்ஸ்ல பங்கஸ் புடிச்சிரும்." குற்றாலத்துக் காற்றில் துணி காயாது, உப்பு உதிராது. லென்ஸ் மட்டும் பூஞ்சைக்கு எப்படித் தப்பும்?

பிறகு துபாயில் இருக்கும் மகன் ரிஃபாத் அங்கே ஒரு கடையைப் பார்த்தான். பார்த்ததை எல்லாம் இங்கே செய்யச் சொன்னான். பக்கத்துக் கடையையும் சேர்த்து இடித்துக் கட்டினார்கள். டோக்கன் மெஷின் வந்தது. கடை நம்பருக்குப் போன் போட்டால், நம் அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒரு ரெக்கார்டு பெண் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். மாடியில் முதலாளிக்கு ஒரு அறை. கடையைக் கண்காணிக்க அதில் ஒரு டிவி. மாடி ஏறிய மைதீன் அண்ணாச்சி அப்புறம் இறங்கவே இல்லை. கீழே ரவியும் இன்னும் இரண்டு பேரும். டிவியில் ஆட்கள் வருவதும் போவதும் தெரியும். போகிறவர்கள் வெறுங்கையோடு போவது தெரியாது.

ஆனி மாதம், குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் நாற்பதாம் நாள் குழந்தையைப் படம் எடுக்கும்போது கிறிஸ்டியின் கேமரா நின்றுபோயிற்று. பட்டனை அமுக்கினால் உள்ளே தும்மல் மாதிரி ஒரு சத்தம், பிறகு மௌனம். மறுநாளே மைதீன் கேமரா மஹாலுக்குக் கொண்டுபோனாள்.

ரவி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஸார் வரலியா?"

"எந்த ஸாரு?"

"கேமரா யாருக்குள்ளது?"

"எனக்குள்ளதுதான்."

"இல்ல, டெக்னிக்கலா பேசணும், அதான்."

வேறு வழியில்லாமல் அடுத்த தடவை ஜெனோவைக் கூட்டிக்கொண்டு போனாள். ரவி ஜெனோவின் முகத்தைப் பார்த்து ஷட்டர், சென்சார், மதர்போர்டு என்று கால் மணி நேரம் விளக்கினார். லென்ஸுக்கும் டப்பா மூடிக்கும் வித்தியாசம் தெரியாத ஜெனோ, எல்லாவற்றுக்கும் "ஓகே, ஓகே" என்றான். பிங்க் நிறத்தில் ஒரு சீட்டு கிடைத்தது. சர்வீஸ் டோக்கன், நம்பர் நாற்பத்தேழு.

அதற்குப் பிறகு அண்ணாச்சியைப் பார்க்கவேண்டும் என்றால், முதலாளி மீட்டிங்கில் இருக்கிறார் என்பார் ரவி. கேமராவை எப்போது கேட்டாலும் பதில் ஒன்றுதான். "சென்னையில இருக்கு. நாளைக்கு வாங்க."

சும்மா போய்க் கேட்டுவிட்டு வருவதால் பலனில்லை என்று தெரிந்ததும், கிறிஸ்டி தினமும் காலையில் போய் அந்த நாற்காலியில் உட்கார ஆரம்பித்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்த இழுப்பறையில் என்ன இருக்கிறது என்று பாடம் ஆகிவிட்டது. வந்தவர்களுக்கு பாட்டரி எடுத்துக் கொடுத்தாள், பை மாட்டக் கற்றுக்கொடுத்தாள். ஒரு புது மாப்பிள்ளைக்கு, உங்களுக்குக் கேமரா வேண்டாம், நல்ல போன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று உண்மையையும் சொல்லி அனுப்பினாள். ரவிக்கு இதில் ஆட்சேபணை இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்த தொடர் நடுவில் தடைபடாமல் ஓடியது.

ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் நெருப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நிக்காஹ். இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே சைதூன் பீவி என்ற அம்மாள் போனில் ஒப்புக்கொள்ளச் செய்திருந்தார். மகள் ஜுஹைனாவுக்குக் கல்யாணம், பெண்கள் பக்கம் முழுதும் கிறிஸ்டி பொறுப்பு. கேமரா சர்வீஸில் இருக்கிறது, வாடகைக்கு ஒன்று எடுத்து வரட்டுமா என்று கேட்டபோது, போனை அந்த வீட்டு மாமி ஹைருன் பீவி வாங்கிக்கொண்டார். கல்யாணப் பெண்ணுக்கு வாப்பாவின் அக்கா. அந்தக் குடும்பத்தில் கடைசி வார்த்தை அவருடையது.

"வாடகப் பொட்டி வேண்டாம் தாயி. ஒன் சொந்தப் பொட்டின்னாதான் சரி. வாடகப் பொட்டி நாளைக்கு எவன் கைக்கோ போவும். உள்ள எங்க புள்ளைய படம் இருக்கும்லா."

"படம் கேமராவுல தங்காது மாமி. கார்டுலதான் இருக்கும். கார்டத்தான் கழத்தி ஒங்க கையில தந்திருவேன்லா."

"கார்டுங்கது அடுப்பங்கரைச் சாவி மாதிரி. சாவிய நீ எடுத்துட்டுப் போயிட்டேன்னா, அடுப்பங்கரையில சோறு இல்லாமப் போயிருமா?"

சொந்தக் கேமரா இல்லாவிட்டால் அந்தக் கல்யாணத்தில் பெண்களுக்குப் படமே இல்லை என்று மாமி முடித்துவிட்டார். ஒரு கல்யாணத்தில் கையை விரித்தால் போதும், எத்தனை அடுப்பங்கரை வழியாக அவள் நம்பர் வந்ததோ அத்தனை அடுப்பங்கரை வழியாகவும் திரும்பிப் போய்விடும்.

வியாழக்கிழமை காலையில், படம் எடுக்க வரமுடியாது என்பதைப் போனில் சொல்லுவதைவிட நேரில் சொல்லுவது மரியாதை என்று சைதூன் பீவி வீட்டுக்குப் போனாள். ஜுஹைனா இரண்டு கையிலும் மருதாணியோடு, மூக்கு அரித்தால் சொறிய ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நெய்மீன் குழம்பு கொதிக்கும் வாசனை. கிறிஸ்டி கண்ணைச் சுழற்றினாள். சுவரில் ஒரு பெரிய படம். கழுத்தில் கேமரா தொங்க, ஷார்ஜா கடை வாசலில் மீசையை முறுக்கி நிற்கும் இளைஞர்.

"இது மைதீன் அண்ணாச்சில்லா?"

"எங்க வீட்டுக்காரரு. ஒனக்குத் தெரியுமா?" என்றார் சைதூன் பீவி.

கிறிஸ்டி பர்ஸைத் திறந்து பிங்க் சீட்டை எடுத்து நீட்டினாள். பத்தொன்பது நாள் கதையையும் சொன்னாள். ரவியைப் பற்றிச் சொன்னபோது கொஞ்சம் குறைத்தே சொன்னாள். கேட்டு முடித்ததும் சைதூன் பீவி ஜுஹைனாவின் மூக்கைச் சொறிந்துவிட்டு எழுந்தார்.

"நான் அந்தக் கடைக்குப் போயி அஞ்சாறு வருசம் ஆச்சு. புதுசாக் கட்டுன பொறவு எட்டிக்கூடப் பாக்கல. வா, போவோம்."

"அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டாப் போதுமே?"

"போன் போட்டா ஒன் கேமரா வந்திரும். கடை எப்பிடி இருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

பர்தாவைப் போட்டுக்கொண்டு, முகத்தையும் மூடிக்கொண்டார். கண் மட்டும் தெரிந்தது. கடைக்குள் நுழைந்ததும் நேரே கவுண்டருக்குப் போனார்.

"டோக்கன் எடுத்துட்டு உக்காருங்கம்மா" என்றார் ரவி, செல்போனிடம்.

"கடையில ஆளே இல்லியே தம்பி."

"சிஸ்டம்மா. எல்லாம் ஒரு சிஸ்டத்துல போவுது."

டோக்கன் எடுத்தார். உட்கார்ந்தார். பக்கத்தில் கிறிஸ்டி, அந்த அம்மாளைத் தெரியாதவள்போல, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையில் கண்காணிப்புக் கேமரா. அதன் மேல் ஒரு சிலந்தி வலை கட்டி, குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்து சைதூன் பீவி எழுந்துபோய் பிங்க் சீட்டை வைத்தார்.

ரவி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஸார் வரலியா?"

"வரல."

"எங்க இருக்காங்க?"

சைதூன் பீவி விரலை உயர்த்தி மாடியைக் காட்டினார். "மேல இருக்காவ."

முதன்முதலாக ரவி செல்போனைக் கீழே வைத்தார். "அடடா. மன்னிச்சுக்கிடுங்கம்மா. எத்தன வருசம் ஆச்சு?"

"இந்தக் கடையக் கட்டுனதுல இருந்து அப்பிடித்தான்."

கிறிஸ்டி வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருமினாள்.

ரவி சீட்டைப் பார்த்தார். "நாப்பத்தேழு. சென்னையில இருக்கும்மா. நாளைக்கு வாங்க."

"நாளைக்குன்னு சொல்லிச் சொல்லி மூணு வாரம் ஆச்சுதே. மொதலாளியக் கூப்புடுங்க."

ரவி இன்டர்காமை அமுக்கினார். ஸ்பீக்கரில் மைதீன் அண்ணாச்சியின் குரல், டீ உறிஞ்சும் சத்தத்தோடு வந்தது. "என்னலே?"

"பர்தா போட்ட அம்மா ஒண்ணு வந்திருக்கு. நாப்பத்தேழாம் நம்பரு. ஒங்களப் பாக்கணுங்காவ."

"டிவில பாத்துட்டுத்தான இருக்கேன். நல்லாத் தெரியுது. மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லி நாளைக்கு வரச் சொல்லு."

சைதூன் பீவி நிமிர்ந்து, சிலந்தி வலைக்குள் இருந்த கேமராவைக் கொஞ்ச நேரம் நேராகப் பார்த்தார். மேலே டீ உறிஞ்சும் சத்தம் தொடர்ந்தது.

"சரி தம்பி. மீட்டிங் முடிஞ்சு ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்கு வருவாவள்லா. அங்கன வச்சுப் பேசிக்கிடுதேன்."

ரவி அவர் முகத்திரையைப் பார்த்தார், கண்களைப் பார்த்தார், கிறிஸ்டியைப் பார்த்தார். கை மெதுவாக இன்டர்காமின் பக்கம் நகர்ந்தது.

"மேல சொன்னியன்னா" என்றார் சைதூன் பீவி, மிக அன்பாக, "ஞாயித்துக்கிழமை பிரியாணிக்கு ஒனக்கும் ஒரு டோக்கன் போட்டிருவேன். நாப்பத்தெட்டு."

ரவியின் கை திரும்பி வந்தது.

ஒரு மணிக்கு மைதீன் அண்ணாச்சி வீட்டுக்கு வந்து கைகழுவிவிட்டு மேசை முன் உட்கார்ந்தார். தட்டு இல்லை. குழம்பு வாசனை மட்டும் இருந்தது. ஹைருன் மாமி எதிர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்டி ஜன்னல் ஓரத்தில், மருதாணி காயக் காத்திருக்கும் ஜுஹைனாவோடு இருந்தாள்.

"சோறு எங்க?" என்றார்.

அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது. "டோக்கன் எடுத்தியளா?"

"என்னது?"

"டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க. கூப்பிடுவோம்."

மனைவிக்குக் கல்யாண வேலையில் தலை சுற்றுகிறது போலும் என்று நினைத்து, பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் ஆயிற்று. மாமி பேப்பரைத் தாழ்த்தி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி ஒத்தையாவா வந்திய? மேடம் வரலியா?"

"எந்த மேடம்?"

"இல்ல, டெக்னிக்கலா சோத்தப் பத்திப் பேசணும். ஒங்களுக்கு வெளங்காது."

ஜுஹைனா மருதாணிக் கையால் வாயைப் பொத்த முடியாமல் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சைதூன் பீவி வெளியே வந்தார். பிங்க் சீட்டைத் தட்டு வைக்க வேண்டிய இடத்தில் வைத்தார்.

"நாப்பத்தேழாம் நம்பரு. ஒங்க நெய்மீன் சென்னைக்குப் போயிருக்கு. நாளைக்கு வாங்க."

மைதீன் அண்ணாச்சி சீட்டைப் பார்த்தார். தன் கடைப் பெயர். மனைவியைப் பார்த்தார். கதவில் தொங்கிய பர்தாவைப் பார்த்தார்.

"அந்தப் பர்தா போட்ட அம்மா..."

"டிவில நல்லாத் தெரிஞ்சுதுல்லா?"

அப்போதுதான் ஜன்னல் ஓரத்தில் இருந்தவளைக் கவனித்தார். "கிறிஸ்டிம்மால்லா? கை சின்னதுன்னு சொன்னேனே."

"நானேதான் அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை ஒங்க மவளுக்குப் பொம்பளைய பக்கம் படம் எடுக்க வேண்டியவளும் நான்தான். கேமராதான் ஒங்க கடையில இருக்கு."

அவர் ஜுஹைனாவைப் பார்த்தார். மகள் இப்போது சிரிக்கவில்லை. கல்யாணத்தன்று வாப்பாவால் பெண்கள் பக்கம் வரமுடியாது. அன்றைக்கு அவள் எப்படி இருந்தாள் என்று அவர் பார்க்கப்போவதே அந்தப் படத்தில்தான். அது அவருக்கு உறைத்த மாதிரி இருந்தது. எழுந்துவிட்டார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க, வெளையாட்டுக்குத்தான்" என்றார் சைதூன் பீவி.

"கேமராவோட வந்து சாப்பிடுதேன்."

அவர் கிறிஸ்டியோடு கடைக்குள் நுழைந்ததும் ரவி எழுந்து நின்றார். செல்போன் கண்ணிலேயே படவில்லை.

"சென்னையில எந்தக் கம்பெனிக்கு அனுப்புனிய?" என்றார் மைதீன் அண்ணாச்சி.

ரவி மாடிப்படிக்கு அடியில் இருந்த பெரிய அட்டைப் பெட்டியைக் காட்டினார். அதன் மேல் கொட்டை எழுத்தில் 'சென்னை' என்று எழுதியிருந்தது. பெட்டி நிறைந்ததும் பார்சல் போடுவது என்று ஏற்பாடு. பெட்டி பெரியது, நிறையவில்லை. உள்ளே பதினான்கு கேமராக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, சென்னையில் இருந்தன. கிறிஸ்டியுடையது மேலேயே இருந்தது.

அண்ணாச்சி தரையிலேயே உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். திறந்து பார்த்தார். பூப்போல ஊதினார். கடைசியில் தலையை ஆட்டினார். "ஷட்டர் போயிருக்கு. பாகம் சென்னையில இருந்துதான் வரணும். அன்னைக்கே அனுப்பியிருந்தா போன வாரமே வந்திருக்கும். இனிமே ஞாயித்துக்கிழமைக்கு ஆவாது."

"வாடகைக் கேமராவ மாமி உள்ளயே விட மாட்டாவ" என்றாள் கிறிஸ்டி. அடுப்பங்கரைச் சாவி விவரத்தையும் சொன்னாள்.

அவர் கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தார். பிறகு எழுந்துபோய், கடை நடுவில் தனி விளக்குப் போட்டு வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றார். அதற்குள் இருந்ததுதான் கடையின் மகுடம். ஒன்றரை வருஷமாக எல்லாரும் பார்க்கிறார்கள், விலையைக் கேட்கிறார்கள், டோக்கனோடு போய்விடுகிறார்கள்.

"இது என் கடைக் கேமரா. அப்பம் எங்க வீட்டுக் கேமராதான. அக்கா என்ன சொல்லுதான்னு கேப்போம்."

மாமி போனில் யோசித்தார். "சொந்தப் பொட்டின்னா சரிதான். ஆனா இனி எந்தக் காலத்துலயும் அது வேற ஒருத்தன் கைக்குப் போகப்படாது."

"சரிக்கா" என்றார் தம்பி. போனை வைத்துவிட்டு கிறிஸ்டியிடம் குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமை தொடச்சு இங்கனயே வச்சிரலாம்."

அதை அவள் கையில் கொடுத்ததும் அவர் முகம் மாறியது. "இது ஒங்க கைக்குக் கனக்கும்லா." பழைய இழுப்பறைகளைக் குடைந்தார். அகலமான ஒரு வாரை எடுத்து, பாரம் தோளில் இறங்கும்படி அளவு பார்த்துத் தைக்கக் கொடுத்தார். எடையில்லாத சின்ன லென்ஸாக ஒன்றை மாட்டினார். ஒவ்வொரு பட்டனாகச் சொல்லிக்கொடுத்தார். டீ வந்தது. இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. நடுவில் வந்த ஒரு ஆளிடம் ரவி, "டோக்..." என்று தொடங்கி, "வாங்க ஸார், என்ன வேணும்?" என்று முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் மண்டபத்தில் கிறிஸ்டி காலை பத்திலிருந்து நான்கு வரை நின்றாள். ஜுஹைனா எங்கே பார்த்தாலும் நேராகவே தெரிந்தாள். அன்றைக்கு எடுத்ததில் கிறிஸ்டிக்குப் பிடித்த படம் ஒன்று உண்டு. வாயால் சொல்ல மட்டுமே அவளுக்கு அனுமதி. சைதூன் பீவி மையத்தில் உட்கார்ந்து டோக்கன் கதையைச் சொல்லுகிறார், சுற்றிலும் நாற்பது ஐம்பது பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரிக்கிறார்கள், கல்யாணப் பெண்ணுக்குச் சிரித்துச் சிரித்து மை கலைந்திருக்கிறது. வாசலில் மைதீன் அண்ணாச்சி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, கதவுக்கு முதுகைக் காட்டியபடி கேட்டார்: "கிறிஸ்டிம்மா, சார்ஜ் இருக்கா?" ஆண்கள் பந்தியில் ஜெனோ இரண்டாவது தடவை உட்கார்ந்தான். அவனுக்குப் பக்கத்து இலை ரவியுடையது.

மாலையில் கார்டைக் கழற்றி சைதூன் பீவியிடம் கொடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து அதை டிவியில் போட்டார்கள். மைதீன் அண்ணாச்சி முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை எழுந்திருக்கவில்லை. மை கலைந்த படம் வந்தபோது, அதை நிறுத்தச் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். என்ன கதைக்கு எல்லாரும் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கிறிஸ்டி கூலி வாங்க வந்திருந்தபோது, கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிய மைதீன் அண்ணாச்சியை ஹைருன் மாமி தடுத்துவிட்டார்.

"எங்க கொண்டுபோறே?"

"கடைக்குத்தான்க்கா. ஷோகேஸ்ல வைக்கணும்லா."

"வச்சா எவனாவது வாங்கிட்டுப் போயிருவாம்லா. உள்ள நம்ம வீட்டுப் புள்ளைய எல்லாரும் இருக்காவ."

"கார்டக் கழத்தியாச்சுக்கா. கேமராவுல ஒண்ணும் இருக்காது."

"சாவியக் கழத்துனா?" என்றார் மாமி.

ஷார்ஜாவில் பன்னிரண்டு வருஷம், தென்காசியில் அதற்கு மேலும் கேமரா விற்ற மனிதர் கேமராவை மேசைமேல் வைத்தார். சரி என்று வாக்குக் கொடுத்ததும் அவர்தான். அப்படியானால் இதை என்ன செய்வது என்று கேட்டார். பீரோவில் வைத்துப் பூட்டலாம் என்றால், சாரல் காலத்தில் பங்கஸ் பிடித்துவிடும் என்று அவரே சொன்னார். யாராவது எடுத்துப் புழங்கவேண்டும். அந்த ஆள் பெண்ணாகவும் இருக்க வேண்டும், வெளியே கொடுக்காதவளாகவும் இருக்க வேண்டும். அண்ணாச்சி, மாமி, சைதூன் பீவி மூன்று பேரும் ஒரே நேரத்தில் கிறிஸ்டியைப் பார்த்தார்கள்.

"வேண்டாம் மாமி, இது ரொம்பப் பெருசு" என்றாள் அவள்.

"ஒனக்கு யாரு குடுத்தா? எங்க வீட்டுப் பொட்டிதான். ஒங்கிட்ட இருக்கும், அவ்வளவுதான். எங்க வீட்டு விசேஷத்துக்கு நீ வரும்போது அதுவும் வரும்."

வாசல்வரை வந்த மைதீன் அண்ணாச்சி இன்னொன்றும் கேட்டார். பத்தொன்பது நாள் கவுண்டரில் அவள் செய்ததை ரவி சொல்லியிருந்தார் போல. "கடையில பொம்பளைய பக்கத்துக்கு ஒரு ஆளு வேணும்மா. நீங்க வந்திருங்களேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. நான் கஸ்டமராவே இருந்துக்கிடுதேன். அங்கன அதுக்குத்தான் ஆளு கொறச்சலா இருக்கு."

கிறிஸ்டி இப்போதும் மேலகரத்தில்தான் இருக்கிறாள். ஷட்டர் மாற்றிய பழைய கேமரா ஆடி மாதக் கடைசியில் வந்து சேர்ந்தது. குழந்தைகளை எடுக்க அது, கல்யாணத்துக்கு மைதீன் வீட்டுக் கேமரா. அட்டைப் பெட்டியில் இருந்த மற்ற பதின்மூன்றும் சென்னைக்குப் போய் வந்துவிட்டன. மைதீன் அண்ணாச்சி காலையில் பன்னிரண்டு மணிவரை கீழே கவுண்டரில் நிற்கிறார். அதன் பிறகு மாடிக்குப் போய்விடுகிறார். கண்ணாடிப் பெட்டி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, உள்ளே விளக்கு மட்டும் எரிகிறது. மாதம் ஒருமுறை கிறிஸ்டி இரண்டு கேமராக்களையும் துடைக்கக் கொண்டுபோகிறாள். டோக்கன் எடுப்பதில்லை.